கிழிகிற சத்தத்தோடு சேர்த்துத்தான் விற்றேன்

மேல்மாடியிலிருந்து அதற்கும் மேலே குடிபோய்விட்ட என் டீச்சரக்காவுக்கு,

உங்கள் குரலை நேற்று அக்குறணையில் விற்றுவிட்டேன்.

முதல் வரியிலேயே சொல்லியாயிற்று. சுற்றி வளைப்பது உங்களுக்குப் பிடிக்காது. நான் துணியைப் புகழ்ந்துகொண்டே போனால், நீங்கள் மாடிப்படியில் நின்று "தம்பி வேலு, அந்தப் பிள்ளைக்கு முதல்ல விலையைச் சொல்லும், பஸ் போயிடும்" என்று குரல் கொடுப்பீர்கள். அந்தக் குரலைத்தான் விற்றேன். நேற்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. படியேறி மேலே வருவதும், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு இறங்குவதுமாக இருக்கிறேன். இப்படி ஒரு வியாபாரம் முடித்தால் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டாமா?

இதை உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் குண்டசாலையில் நீங்கள் வாடகைக்கு இருந்த வீடும், கண்டி டவுனில் என் முதல் புடவைக்கடையும் எரிந்தன. இரண்டு பேரும் போய் நின்றது ஒரே பள்ளிக்கூடத்து அகதி முகாமில், ஒரே பாண் ரொட்டி வரிசையில். உதவிப் பொருள் கொண்டுவந்த வெள்ளைக்கார அம்மாவிடம் என் கடைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று சொல்லப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் பேவ்மென்டில் துண்டுத்துணி விற்றபோது பொறுக்கியது. அந்த அம்மா முகத்தைச் சுருக்கினார். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

"தம்பி, அவவுக்கு நீர் சொன்னது விளங்கேல்ல. ரிட்-டர்-னு எண்டு மூண்டு துண்டாக் கொத்திப் போட்டீர்."

"எப்படிக் கொத்தினாலும் இறைச்சி இறைச்சிதானேங்க, டீச்சர்?"

"ஓம், ஆனா எலும்பில கொத்தினாக் கத்தி போயிடும். மூட்டுப் பார்த்து வெட்ட வேணும்."

அந்த வரிசையில் முதல் தடவை சிரித்தது நாம் இரண்டு பேரும்தான். சுற்றி நின்றவர்கள் நமக்கு அதிர்ச்சியில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நீங்கள் டீச்சர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்தேன்.

கடையைத் திரும்ப எழுப்பினேன். திருகோணமலை வீதியில், இந்தத் தடவை மேல்மாடி வைத்து. ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் டவுனில் மாடி வைத்த கடை போட்டால் அந்த மாடியை வாடகைக்கு விடத்தான் பார்ப்பான். வந்து கேட்ட ஆளும் நீங்கள்தான். "வாடகை குறைக்க மாட்டேங்க" என்றேன். "நான் கேக்கேல்லையே" என்றீர்கள். பாடசாலை முடிந்து வந்து மாலையில் மேலே வகுப்பு வைத்தீர்கள். வேலைக்குப் போகிற பிள்ளைகள், கொழும்புக்கு இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகள், தோட்டத்துப் பிள்ளைகள் என்று படி நிறைய செருப்பு. போகிற போக்கில் அதுகள் என் கடையில் இரண்டு யார், அதாவது இரண்டு கெஜம், துணியும் வாங்கும். எனக்கென்ன கசக்குமா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை நான் வெள்ளைப் பொப்லின் கிழித்துக்கொண்டிருந்தேன். புடவைக்கடைக்காரன் முழு அகலத்துக்கும் கத்தரிக்கோல் போட மாட்டான். கரையில் ஒரு சின்ன வெட்டு, பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழுப்பு. துணி தன் நூல் வழியே தானாகக் கிழிந்து போகும், கோடு போட்டது போல. நீங்கள் படியில் பாதியில் நின்றுவிட்டீர்கள்.

"தம்பி, இன்னொருக்காக் கிழியும்."

"வாங்க ஆள் இல்லாம எப்படிங்க கிழிக்கிறது?"

"நான் வாங்குறன். கிழியும்."

கிழித்தேன். கண்ணை மூடிக் கேட்டீர்கள். பிறகு அங்கேயே நின்று, "அன்" என்றீர்கள், என் கையைப் பார்த்தீர்கள். நான் இழுத்தேன், கிர்ர்ர். "ஹாப்பி" என்றீர்கள். "டிஸ்", கிர்ர்ர், "ஒனஸ்ட்." "ரீ", கிர்ர்ர், "பே." நீங்கள் சொல்லச் சொல்ல நான் கிழித்தேன். என் பெண்சாதி பாக்கியம் உள்ளேயிருந்து ஓடி வந்து, "என்னங்க, துணிய நாசமாக்குறீங்க?" என்று கத்தினாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குக் கிழித்த துண்டுகளில் ஊரிலுள்ள கைக்குழந்தைகளுக்கெல்லாம் அணையாடை போட்டிருக்கலாம்.

அப்புறம்தான் எனக்கு விளங்கும்படி சொன்னீர்கள். "தமிழ் தன்ர சாமானெல்லாத்தையும் சொல்லுக்குப் பின்னால கட்டும் தம்பி. வீட்டுக்கு, வீட்டிலே, வீட்டிலிருந்து. இங்கிலீஷ்காரன் கொஞ்சத்தை முன்னால கட்டுவான். அன், ரீ, டிஸ், மிஸ், ப்ரீ. எங்கட பிள்ளையளுக்கு முன்னால கட்டின முடிச்சு தெரியிறேல்ல. அதால அதுகள் ஒரே மூச்சில இழுத்து விடுதுகள். நீர் கரையில வெட்டுற வெட்டு இருக்கே, அதுதான் அந்த முடிச்சு."

நான் விடவில்லை. எல்லாத் துணியும் கிழியாதே என்றேன். வெல்வெட்டைக் கிழித்தால் பாழ். உங்கள் முகம் இன்னும் பிரகாசமாகிவிட்டது. "அதேதான். அங்கிள் எண்டதில அன் இருக்கெண்டு கிழிச்சா மாமன் செத்துப்போவான். ரெடி எண்டதில ரீ இல்லை. முதல்ல துணியைத் தடவிப் பார்க்க வேணும்." டீச்சரக்கா, அதுவரை நான் இங்கிலீஷ் என்றால் படித்தவன் வீட்டுச் சொத்து என்று நினைத்திருந்தேன். அது என் மேசையில் கிடக்கிற சரக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பதிலுக்கு நானும் ஒன்று கொடுத்தேன், மறந்திருக்க மாட்டீர்கள். எந்த அசையில் குரலை அழுத்துவது என்பதை வகுப்பில் யாருக்கும் புரியவைக்க முடியாமல் நீங்கள் அலுத்துப்போய் இருந்தீர்கள். நம் ஆட்கள் எல்லா அசைக்கும் ஒரே அழுத்தம் கொடுக்கிறார்கள் என்று புலம்பினீர்கள். "தோட்டத்துல முழுப்பேர், அரைப்பேர்னு இருக்குங்க" என்றேன். நிறுவையில் கொழுந்து குறைந்தால் கங்காணி அரைப்பேர்தான் போடுவார், அரை நாள் சம்பளம்தான். ஒரு சொல்லில் ஒரு அசைக்குத்தான் முழுப்பேர், மற்றதெல்லாம் அரைப்பேர் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள் என்றேன். ரிட்டர்னில் முன்னால் கட்டின ரீ அரைப்பேர், டர்ன் முழுப்பேர். நீங்கள் துணி அளக்கிற என் யார்க்கோலை எடுத்து, முழுப்பேர் வருகிற இடத்தில் மேசையில் ஒரு தட்டுத் தட்டினீர்கள். ஹுன்னஸ்கிரியப் பிள்ளைகள் அன்றைக்கே பிடித்துக்கொண்டார்கள். அரைப்பேரின் வலி தெரிந்தவர்கள் அல்லவா?

பிறகு அந்த வருஷங்கள் வந்தன. எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது. ஒரு பக்கம் கடையை மூடு என்று கிளர்ச்சிக்காரர்களின் துண்டுக் கடிதம் கதவுக்கடியில் வரும். மறுபக்கம் திற என்று துவக்கோடு ஆமிக்காரர்கள் வருவார்கள். நடுவில் ஊரடங்கு. பிள்ளைகள் வகுப்புக்கு வர முடியவில்லை. நீங்கள் மேலே நடந்துகொண்டே இருந்தீர்கள், பலகைக்கு மேல் உங்கள் செருப்புச் சத்தம் கீழே கேட்கும். ஒரு நாள் இறங்கி வந்து சொன்னீர்கள்: "பிள்ளையள் வரேலாது. அப்ப குரலை அனுப்புவம்."

ஊரடங்கு போட்ட பகலில் கண்டி டவுன் எப்படி இருக்கும் என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பஸ் இல்லை, ஹோர்ன் இல்லை, நடைபாதைக்காரன் கூவல் இல்லை. காகம் மட்டும்தான். கசெட்டில் குரல் பிடிக்க அதைவிட நல்ல ஸ்டூடியோவை எவன் கட்டுவான்? கடைக் கதவை மூடி, துணிச் சுருள்களைச் சுற்றி நிறுத்தி, நடுவில் கதிரை போட்டு உங்களை உட்கார வைத்தேன். கரண்ட் இல்லாததால் பட்டரியில் ஓடுகிற ரெக்கோடர். நான் பொப்லினோடு ஒரு பக்கம். பாக்கியம் யார்க்கோலோடு மறுபக்கம். கிழித்த துணிக்குக் கணக்குக் கேட்டவள், தட்டும் வேலை கிடைத்ததும் எவ்வளவு கெட்டிக்காரியாகிவிட்டாள் பார்த்தீர்களா?

முதல் சண்டை ரெக்கோர்ட் என்ற சொல்லிலேயே வந்தது. பாட்டுத் தட்டு என்றால் ரெக்-கோட், முன்னால் முழுப்பேர். பதிவு செய் என்றால் ரி-கோட், பின்னால் முழுப்பேர். "எழுத்து ஒண்ணுதானேங்க, ஒரே துணிய எப்படி ரெண்டு இடத்துல கிழிக்கிறது?" என்று நான் மல்லுக்கு நின்றேன். "பாரம் நகர்ந்தாக் கிழிசலும் நகரும், தம்பி. உம்மட தோளில மூட்டை மாறினா இடுப்பு வளைவு மாறாதோ?" என்றீர்கள். அப்புறம் பர்மிட், ரீஃபண்ட், ப்ரெசன்ட் என்று அடுக்கிக்கொண்டே போனீர்கள். நான் வாயில் போட்டு மென்ற வியாபாரச் சொல் எல்லாம் இரண்டு முகத்தோடு எழுந்து நின்றது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஊரே பயத்தில் மூச்சை அடக்கி இருந்த நாட்களில் நாம் மூன்று பேரும் மூடிய கடைக்குள் அப்படிச் சந்தோஷமாக இருந்தோம். அது சரியா டீச்சரக்கா? 

'டிஸ்' பாடம் பிடித்த அன்று கதவு தட்டப்பட்டது. நீங்கள் டிஸ்-ஆம் சொல்லி முடித்திருந்தீர்கள். ஆயுதத்தைக் கீழே போடு என்று பொருள். நான் கிழித்த சத்தம் அடங்கவில்லை, துவக்குப் பிடியால் மூன்று இடி. பாக்கியத்தின் கையில் யார்க்கோல் அப்படியே நின்றது. திறந்தேன். ஒரு சார்ஜன்ட், பின்னால் இரண்டு பேர்.

"மொகத மே சத்தே?" என்ன இந்தச் சத்தம் என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் எழுந்து, நல்ல சிங்களத்தில், பிள்ளைகளுக்குப் பாடம் என்று சொல்லி, நாடாவைப் பின்னுக்கு ஓடவிட்டுப் போட்டும் காட்டினீர்கள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். என் கையிலிருந்த பொப்லினைப் பார்த்தார். உங்களைப் பார்த்தார். "ஹரி, ஹரி. சத்தே அடு கரண்ட" என்றார். சரி, சத்தத்தைக் குறையுங்கள், அவ்வளவுதான். போய்விட்டார்கள்.

நீங்கள் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தீர்கள். இடிக்கு அடுத்த இடத்திலிருந்து ரெக்கோடரை நானே திரும்பப் போட்டேன். அடுத்த சொல் எது என்று எனக்கு மனப்பாடம். டிஸ்-அப்பியர். காணாமல் போ. துணியில் வெட்டுப் போட்டுத் தயாராகப் பிடித்திருந்தேன். நீங்கள் சொல்லவில்லை. அந்தக் கிழமை உங்கள் பாடசாலைப் பிள்ளைகளில் இரண்டு பேரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். திரும்பி வரவில்லை.

நாடா கொஞ்ச தூரம் வெறுமனே ஓடிய பிறகு நீங்களே ரெக்கோடரை நிறுத்தினீர்கள். "அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில பாரம் கூடிப்போச்சு, தம்பி. அதை நான் கிழிக்க மாட்டன்."

திரும்பப் போட்டு நேராக டிஸ்-அக்ரீக்குப் போனீர்கள். உடன்படாதே. நாடாவில் இன்னும் இருக்கிறது: டிஸ்-ஆம், மூன்று இடி, ஒரு நீண்ட மௌனம், டிஸ்-அக்ரீ.

கசெட் விற்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரதி எடுத்துக் கடையில் அடுக்கினேன். வாங்கினவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். "மொதலாளி, நாடா கிழிஞ்சிருக்கு, கேட்டுப் பாருங்க." அது பொப்லின் என்று எத்தனை பேருக்குச் சொல்வது? ஒருத்தர் நம்பவேயில்லை, ரேடியோவைப் பழுதாக்கிவிட்டது என்று நஷ்டம் கேட்டு நின்றார். நீங்கள் படியில் உட்கார்ந்து சிரித்தீர்கள். "முப்பது வருசம் படிப்பிச்ச குரல், பழுதெண்டு திரும்பி வருது பாரும்." சிரித்தீர்கள்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கசெட்டைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. நானும் பேசவில்லை. வெல்வெட் சுருளுக்குப் பின்னால் அது கிடந்தது. போன வருஷம் பிரஷர் கூடி நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அங்கேதான் கிடந்தது.

நீங்கள் திரும்பி வரவில்லை. பாக்கியம் மேல்மாடியை வாடகைக்கு விட விடவில்லை. ஒரு நாள் கடையில் ஆள் குறைவு, கசெட்டை எடுத்து ஓடவிட்டேன். தலையணை உறைத் துணிக்கு வந்த அன்சார் நானா அளக்கச் சொல்லிவிட்டு அளவைப் பார்க்காமல் நின்றார். அக்குறணையில் ரேடியோக் கடை வைத்திருக்கிறாரே, முஸ்லிம் அண்ணன் என்பதால் நான் நானா என்று கூப்பிடுகிற அவர்தான். கசெட் பிரதி எடுக்கிற மெஷின் அவரிடம் இருக்கிறது. அவர் வேன் மலைநாடு முழுக்க ஓடுகிறது.

"மொதலாளி, இது யாரு?"

"எங்க மேல்மாடி டீச்சருங்க."

"நல்ல கொரல் ஈக்கிது. ஒரு கிழமைக்கு, ஏழு நாளைக்கு இதத் தாங்க, கேட்டுப் பாக்கணும்."

கொடுத்தேன். அந்தக் கிழமை பாக்கியம் என்னோடு சரியாகப் பேசவில்லை. "செத்தவங்க கொரல விக்கிறதும் தலைமுடிய அறுத்து விக்கிறதும் ஒண்ணுதான்" என்றாள். "விக்காத சரக்குத்தான்டி செத்த சரக்கு" என்றேன். "அவங்க அனுப்பணும்னு சொன்ன குரல் அது. மூட்டைக்குப் பின்னால கிடக்கவா சொன்னாங்க?" அவள் என் பக்கம் திரும்பி, "அப்ப முழுசா விக்கணும். துண்டா வித்துட்டு வந்தீங்கன்னா வீட்டுக்குள்ள வராதீங்க" என்றாள்.

நேற்று அதற்காகத்தான் போனேன். மூல நாடாவை ஒரு யார் துணியில் சுற்றி, பையில் வைத்து, மாத்தளை பஸ்ஸில். நானா தேத்தண்ணி வரவழைத்தார், விசுக்கோத்து வரவழைத்தார். விசுக்கோத்து வந்தால் ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

"சாமான் நல்லம். எல்லாத் தோட்டத்துலயும் ஓடும். வெளிநாட்டு வேலைக்குப் போறவங்களும் வாங்குவாங்க. ஆனா மூணு விசயம். அந்தக் கிர்ர் சத்தத்த எடுக்கணும். அதுக்குப் பதிலா ஒரு மணிச் சத்தம் போடுவோம், டிங்னு. அந்தக் கதவு தட்டுறதயும் எடுக்கணும். அந்த எடத்துல ஒரு சொல்லு கொறையுது, எல்லாப் பொத்தகத்துலயும் ஈக்கிற சொல்லு. கொழும்புல ஒரு மிஸ் ஈக்கிறாங்க, அவங்கள வச்சி அதப் போடுவோம்."

பிறகு ஒரு விலை சொன்னார். டீச்சரக்கா, பொய் சொல்ல மாட்டேன், நல்ல விலை. நான் வியாபாரி. ஒரு நிமிஷம் மணிச் சத்தமும் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. பாக்கியத்தின் முகமும் தோன்றியது.

"சத்தம் இருந்தாத்தானே நானா அது பாடம். மணி அடிச்சா சொல்லு முடிஞ்சதுன்னு நினைப்பான். கிழிஞ்சாத்தான் ரெண்டும் ஒரே துணின்னு தெரியும்."

"நீங்களே சொல்றீங்க, போன தடவ வாங்கினவன் எல்லாம் திருப்பிக் கொண்டாந்தான்னு. நான் ஆயிரக்கணக்குல அடிச்சிட்டு, எல்லாத்தயும் திருப்பி வாங்கிக்கவா?"

"சரி, சத்தத்தோட எடுங்க. விலைய நான் குறைச்சுக்கிறேன்."

நானா தலையை ஆட்டினார். வலது கையை மேசைமேல் வைத்தார்.

"இம்-பொஸிபிள்" என்றார்.

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நானா, இப்ப என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேன்? ஏலாதுன்னேன்."

"கைய என்ன செஞ்சீங்க?"

அவர் தன் கையைப் பார்த்தார். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் இன்னும் சேர்ந்திருந்தன. 'இம்' என்றபோது அந்த இரண்டு விரலும் காற்றில் ஒரு வெட்டு வெட்டி இழுத்திருந்தன. 'பொஸ்' வந்த இடத்தில் விரல் முட்டி மேசையில் ஒரு தட்டுத் தட்டியிருந்தது. முழுப்பேர் விழுகிற இடம். இருபது வருஷமாக அவரை எனக்குத் தெரியும். எங்கள் பேரமெல்லாம் அந்தச் சொல்லில்தான் முறியும். அதுவரை அவர் இம்பாசிபுள்ளு என்று சாக்கு உருட்டுகிற மாதிரிதான் சொல்வார். ஒரு கிழமை உங்கள் குரல் அவர் கடையில் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

கடைப் பொடியன்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். "நானா மூணு நாளா இப்படித்தான் மொதலாளி. நேத்து ஏஜென்டுக்கு ரி-டர்ன்னு சொல்லிட்டு டெலிபோனையும் கிழிக்கப் பாத்தாங்க" என்றான் ஒருத்தன். நானா அவனை முறைத்தார். பிறகு அவரும் சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் தண்ணி வர.

"சரி, மணி வேணாம்" என்றார். "ஆனா திருப்பிக் கொண்டு வாற மனிசனுக்கு என்ன சொல்ல? அவனுக்கு ஒங்கட பொப்லின் தெரியாதே."

அது நியாயம். சிரிப்பு விலையைக் கட்டாது. நான் யோசித்தேன். கை தானாகப் பையில் இருந்த நாடாவின் சுற்றுத் துணியைத் தடவியது. டீச்சரக்கா, அந்த நேரத்தில் எனக்கு வந்த யோசனையை நீங்கள் கேட்டிருந்தால் படியிலிருந்தே கை தட்டியிருப்பீர்கள். நானாவிடம் கத்தரிக்கோல் கேட்டேன். அந்தத் துணியின் கரையில் ஒரு வெட்டு வெட்டி அவர் கையில் கொடுத்தேன். "இழுங்க" என்றேன். கடை முழுக்கக் கிர்ர்ர் என்று கேட்டது.

"கசெட்டோட ஒரு துண்டுத் துணி வைப்போம் நானா. வெட்டுப் போட்டு. வாங்குறவன் வீட்டுக்குப் போய் முதல்ல அதக் கிழிப்பான். அப்புறம் கசெட்ல கேட்டா, நாடான்னு நினைப்பானா?"

அன்சார் நானா கிழிந்த இரண்டு பாதியையும் பார்த்துக்கொண்டே இருந்தார். "மொதலாளி, கசெட்டோட துணிய வித்தவன் இந்தச் சிலோன்ல ஒருத்தனும் இல்ல" என்றார்.

"விக்கலீங்க, கொடுக்கிறோம்."

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, அந்தக் குறைந்த சொல்லைக் கேட்டார். ஏன் விட்டாங்க என்று. சொன்னேன். உங்கள் வாயால் நீங்கள் சொன்ன மாதிரியே சொன்னேன், பாரம் கூடிப்போச்சு என்று. வெளியே மாத்தளை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அவர் விசுக்கோத்துத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"கொழும்பு மிஸ் வேணாம்" என்றார்.

இரவு வந்து பாக்கியத்திடம் சொன்னேன். அவள் மூலையில் சாத்தியிருந்த யார்க்கோலை எடுத்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். எந்தச் சொல்லுக்கு என்று நான் கேட்கவில்லை. காலையில் மேல்மாடிச் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கூட்டித் துடைக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

உங்களிடம் படித்தவர்களில் எத்தனை பேர் எங்கெங்கே இருக்கிறார்கள்? கனடாவில் பனியில் நின்று யாரோ ஒருத்தி ரி-டர்ன் என்று சொல்லும்போது விரல் தானாக வெட்டுகிறதா? எனக்கு யார் எழுதிச் சொல்லப் போகிறார்கள். ஆனால் ஹுன்னஸ்கிரிய லயத்தில், நான் பிறந்த அதே வரிசையில், ஒரு பிள்ளை கசெட்டைப் பிரித்து முதலில் துணியைக் கிழிக்கும். அது எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் எனக்கு இங்கேயே கேட்கிறது.

வியாபாரம் முடிந்தால் வாயால் ஒருமுறை சொல்லிவிட வேண்டும் என்பது நம் கடை வழக்கம். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். குரல் முழுசாகப் போகும், கிழிசலோடும், கதவு இடியோடும், மௌனத்தோடும். விட்ட சொல்லை ஒருவரும் சேர்க்க மாட்டார்கள். உறையில் முதல் பெயர் உங்களுடையது. ஒரு சினிமாப் பாட்டுக் கசெட் என்ன விலையோ அதே விலை, கூடவும் இல்லை குறையவும் இல்லை. குரலுக்கு வருகிற பங்கு மேல்மாடியில் திரும்பத் தொடங்கப்போகிற வகுப்புக்கு. ஒவ்வொரு கசெட்டோடும் ஒரு சாண் வெள்ளைப் பொப்லின், என் கடையிலிருந்து, இலவசம். வெட்டை மட்டும் வேறு ஆளிடம் விட மாட்டேன். கை ஓடுகிற வரைக்கும் நானே போடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்க்கடைத் தம்பி
வேலு